மூடிக்குள் வெட்டிய பெயர்

எங்கள் கட்டடத்துக்குக் கீழே புது ஓட்டல் திறக்கப் போகிறார்கள் என்றால் முதலில் கண்ணாடி முழுக்கக் காகிதம் ஒட்டிவிடுவார்கள். துளைக்கிற சத்தமும் இழைக்கிற சத்தமும் மட்டும் வெளியே கேட்கும். பிறகு ஒரு நாள் காகிதம் போய்விடும். உள்ளே விளக்கு எரியும், ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ரொம்பக் காலமாக அங்கேயே இருந்தவர்கள் மாதிரி. எனக்கு அது பிடிக்காது. வெறும் இடத்தில் திடீரென்று ஆள் தெரிந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

மகன் வீடு துபாய்க்குச் சற்று வெளியே இருக்கிறது. கீழே கடைகள், மேலே வீடுகள், நடுவில் கார் வராத கல் பாவிய தெரு. "இங்க எல்லாமே நடக்குற தூரந்தான் அத்தை" என்று நான் வந்து இறங்கிய அன்றே மருமகள் பெருமையாகச் சொன்னாள். நடப்பதற்கென்று ஓர் இடத்தைக் கட்டி அதை விலைக்கு விற்பார்கள் என்பது எனக்குப் புதிது. நான் வாழ்நாளெல்லாம் நடந்த தூரத்துக்கு எவரும் என்னிடம் காசு கேட்டதில்லை.

ஆனாலும் நடந்தேன். சாயங்காலம் வெயில் இறங்கியதும் சேலையை மாற்றிக்கொண்டு கீழே போவேன். ஒரு கடையில் பச்சை மீனை அப்படியே அறுத்து வைக்கிறார்கள். ஒரு கடையில் முட்டையைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதற்கும் வரிசையில் நிற்கிறார்கள். மூலையில் இருப்பது கறுப்புக் கண்ணாடி போட்ட குடிக்கிற கடை. கதவு திறக்கும்போது மட்டும் குளிர்ந்த காற்றும் சிரிப்பும் வெளியே வரும், மூடினால் நின்றுவிடும். எல்லாக் கடையிலும் அகலத் தட்டின் நடுவில் ஒரு கரண்டி உணவு. நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து மகனைப் படிக்கவைத்தவள். அந்தத் தட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். இன்னும் கொஞ்சம் போடு என்று சொல்லத் தோன்றும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்க் கடைக்குக் காகிதம் ஒட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அதைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். நான் நின்றுவிட்டேன். டிபன் கேரியரின் இரண்டு பக்கத்துக் கொக்கியையும் மாட்டுகிற சத்தம் அது. முதல் கொக்கி மெதுவாக விழும், இரண்டாவது அழுத்தி விழும். என் வீட்டுக்காரர் லீவு முடிந்து கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் வாசல்வரை கேட்கிற கடைசிச் சத்தம் அதுதான்.

காகிதத்தில் காதை வைத்துப் பார்த்தேன். துளைக்கிற சத்தம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. மேலே வந்து யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து அந்த டக் என்னை விடவில்லை. லிப்டில் கேட்டது. குளிக்கப் போனால் கேட்டது. சன்னலைச் சாத்தும்போது கேட்டது. அவர் போய் மகன் தலை நரைக்கிற காலம் ஆகிவிட்டது. இத்தனை நாள் கேட்காத சத்தம்.

ஓட்டல் திறந்த பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மகனும் மருமகளும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெயர்ப்பலகை இங்கிலீசில் இருந்தது. "என்னய்யா போட்டிருக்கு?" என்றேன்.

"மெஸ்ஸுன்னு அர்த்தம்மா. அந்தக் காலத்துல வேலையாளுங்க தங்குன கேம்ப் மெஸ் மாதிரி செஞ்சிருக்காங்க. இது இப்ப ட்ரெண்டு" என்றான் மகன்.

உள்ளே போனேன். சுவரெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தால் ஒரு பொடிகூடக் கையில் ஒட்டவில்லை. உதிர்ந்த மாதிரி வர்ணம் அடித்திருக்கிறார்கள். சுவர் ஓரமாக இரும்புக் கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்று. கீழ்க் கட்டிலில் மெத்தை போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேல்கட்டிலில் சாக்குப் பையும் தகரப் பெட்டியும் வைத்து, கம்பியில் ஒரு துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். அந்தத் துண்டு யாருடையதும் இல்லை. பரிமாறுகிற பிள்ளைகளுக்கு நீல நிறத்தில் மேலும் கீழும் ஒட்டித் தைத்த உடுப்பு. என் வீட்டுக்காரர் போட்டோவில் போட்டிருக்கிற அதே உடுப்பு, அழுக்கு மட்டும் இல்லை. ஒரு பக்கம் நீளமான மேசை, பின்னால் கலர் கலராகப் பாட்டில். அங்கே எவர்சில்வர் தம்ளரில் ஐஸ் போட்டு ஊற்றிக் கொடுத்தார்கள்.

"எப்படி அத்தை, நல்லாருக்கா?" என்று மருமகள் கேட்டாள்.

"கட்டிலுக்கு ஆளு எப்ப வருவாக?" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. மேலே பார்க்கப் பார்க்க, டூட்டி முடிந்து யாரோ வந்து அந்தத் துண்டை எடுக்கப் போகிற மாதிரி இருந்தது.

சாப்பாட்டை டிபன் கேரியரில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாமே பழைய கேரியர். அடுக்கடுக்காகப் பிரித்தால் ஒன்றில் சோறு, ஒன்றில் கறி, ஒன்றில் வறுவல். பக்கத்து மேசையில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த கேரியரை அந்த ஆள் திறந்தான். டக், டக். மூடியை எடுத்து மல்லாக்க வைத்தான்.

மூடியின் உள்பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து.

நான் எழுந்து போய் அந்த மூடியை எடுத்துவிட்டேன். கேட்டு எடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தப் பெண் "எக்ஸ்கியூஸ் மீ" என்றாள். மகன் பின்னாலேயே ஓடி வந்தான். "எம்மா, எம்மா, என்ன பண்றீங்க!"

"படிய்யா" என்று அவனிடம் மூடியை நீட்டினேன்.

அவன் படித்தான். ஓர் இனிசியல், ஒரு சாமி பெயர். "யாரும்மா இது?"

"உங்கப்பா."

மகன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மூடியைப் பார்த்தான். "அப்பா பேரு இது இல்லையேம்மா. இனிசியலும் இல்ல" என்றான் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. மூடியை வாங்கி, தப்பாக நினைக்காதீர்கள் என்று அந்த ஆட்களிடம் இங்கிலீசில் சொல்லி வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து அழைத்து வந்தான். மருமகள் அவனிடம் ஏதோ சொன்னாள். அதில் "மெமரி" என்கிற சொல் எனக்குப் புரிந்தது. "டாக்டர்" என்பதும் புரிந்தது. எனக்கு முன்னால் இருந்த சோற்றை நான் தொடவில்லை.

எனக்குப் புத்தி பிசகவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் என் காலத்தில் பெண்டுகள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லமாட்டோம். இன்றுவரை நான் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. அவர் முதல்தடவை இந்தப் பக்கம் கிளம்பியபோது, கேம்பில் பாத்திரம் மாறிப் போகும், பேர் வெட்டிக் கொடுத்துவிடு என்று சொன்னார்கள். நான் டவுனுக்குப் போய் நாலடுக்குக் கேரியர் ஒன்றை எடுத்தேன். கடையில் பேர் வெட்டுகிற ஆள் மிசினைக் கையில் பிடித்துக்கொண்டு, "பேரச் சொல்லும்மா" என்றான்.

"மலைமேல இருக்குற சாமி பேரு" என்றேன்.

"சரி. சாமிக்கு இன்னும் எதுவும் அடையாளம்?"

"ரெண்டு பொண்டாட்டி."

"தெரியுதும்மா, தெரியுது. எங்க குலசாமில்ல" என்று சிரித்தான். "இனிசியலு?"

"எதுக்கு?"

"அப்பா பேரோட மொத எழுத்தும்மா."

என் அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சொன்னேன். என்னைப் பார்த்துக் கேட்கிறான், நான் என் அப்பாவைச் சொன்னேன். வெளியே வெட்டினால் கண் படும் என்று மூடிக்கு உள்ளே வெட்டச் சொன்னேன். மிசின் ர்ர்ர் என்று ஓடியது. அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. புள்ளிகள் அழகாக இருந்தன. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "யாரு புள்ள இவன்?" என்றார்.

நான் சொன்ன மலை வேறு, அந்த ஆள் ஏறிய மலை வேறு. மலைமேல் இருக்கிற சாமி இரண்டு பேர் என்பதும், இரண்டு பேருக்குமே இரண்டு பெண்டாட்டி என்பதும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. போதாதற்கு இனிசியலும் என் அப்பாவுடையது. அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே கிடையாது. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். திருப்பிக் கொடுத்து மாற்றலாம் என்றேன். "வெட்டுனத அழிக்க முடியுமா? அழிக்கக் கூடாது. அவனும் நம்மகூடப் பொழச்சுக் கெடக்கட்டும்" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

முதல் லீவில் வந்தபோது சொன்னார்: "உன்னால எனக்கு அங்க பேரு மாறிப் போச்சு. மெஸ்ஸுல கேரியரப் பாத்துத்தான் பேரு கூப்புடுறாய்ங்க. இப்ப கேம்பு முழுக்க அந்தப் பேருதான்." ருவைசு என்கிற ஊரில் ஆலை வேலைக்குப் போனாலும், துபாய்ப் பக்கம் கட்டட சைட்டுக்கு மாற்றினாலும் அந்தப் பெயர் கூடவே போனது. ஊரில் ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். அங்கே இருக்கிற ஆள் எப்படி இருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. அவர் என்ன பேசுவார், யாரோடு சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. பெயர் மட்டும் நான் வைத்தது.

மகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவர் சைட்டில் வெயிலில் மயங்கி விழுந்தார். பெட்டி வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்தது பாஸ்போர்ட்டில் இருந்த பெயர். எரித்தோம். கொஞ்ச நாள் கழித்து, அவர் கேம்ப் மெஸ்ஸில் சமைத்தவர் லீவில் வந்தபோது ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கீழக்கரைப் பக்கத்து ராவுத்தர். பையில் சட்டை இருந்தது, கடிகாரம் இருந்தது, செருப்புகூட இருந்தது. "கேரியரு எங்கண்ணே?" என்று கேட்டேன். "அது மெஸ்ஸுல இருக்கு மதினி" என்று தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டதை இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

ஆனால் மனசுக்குள் ஒன்று அப்போதே உட்கார்ந்துகொண்டது. எரித்தது பாஸ்போர்ட்டில் இருந்த ஆளை. கேரியரில் இருந்த ஆள் வரவே இல்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டார்கள். பிற்பாடு முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொடுத்தபோது, அந்த மூடியில் இருந்த எழுத்துகளைத்தான் முதலில் கேட்டுக் கற்றேன். என் பெயர்கூட அதற்கு அப்புறம்தான்.

இதையெல்லாம் மகனிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அவன் நான் சொன்னதை நம்பாமல் இல்லை. நம்பவும் இல்லை. "அதே பேருல ஆயிரம் கேரியர் இருக்கும்மா" என்றான்.

"அந்தச் சாமி பேரோட எங்கப்பா இனிசியலு சேந்து, மூடிக்கு உள்பக்கமா? ராவுத்தரக் கேளு" என்றேன்.

ராவுத்தர் இப்போது சார்ஜாவில், முவைலாவில் சின்னதாக ஒரு கபேட்டீரியா நடத்துகிறார். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போன் பேசுவார். அடுத்த விடுமுறை நாளில் மகன் என்னைக் காரில் கூட்டிப்போனான். என் பேச்சைச் சரிபார்க்கத்தான் போகிறான் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டேன்.

தெருவில் வேலை விட்டு வந்த ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். கடை ரொட்டிக் கல்லுக்கும் டீப் பாத்திரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் திரும்புகிற அகலம். ராவுத்தருக்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. "வாங்க மதினி, வாங்க வாங்க. தம்பி, உங்கத்தா, எங்கண்ணன் மாதிரியே நெத்தி உனக்கு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மறைக்கக் கூடாது" என்றேன். "அந்தக் கேரியரு என்ன ஆச்சு?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அத இன்னும் மறக்கலையா மதினி?"

"அதுல என்ன பேரு வெட்டியிருந்துச்சு? என் மகன் கேக்கட்டும், சொல்லுங்க."

அவர் சொன்னார். இனிசியலோடு சொன்னார். மகன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டான்.

"அந்தப் பேர நான் எப்படி மறப்பேன் தம்பி? தினம் வெள்ளன பஸ் வர்றதுக்கு முந்தி கேரியரெல்லாம் வரிசையா வச்சிருப்பாக. நான் மூடியப் பாத்துப் பேரு கூப்புடுவேன். ஆளு 'இருக்கேன்'னு குரல் குடுக்கணும். குடுத்தாத்தான் சோறு போடுவேன். குரல் இல்லைன்னா வெறுஞ்சட்டி. லீவுல போனவன், காய்ச்சல்ல கெடக்குறவன் சோறு வீணாகக் கூடாதுல்ல, அதுக்குத்தான்." அவர் துண்டால் கையைத் துடைத்தார். "அண்ணன் விழுந்த அன்னைக்கு பஸ்ஸுல கேரியரு மட்டும் திரும்பி வந்துச்சு. பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு மதினி. கழுவி வரிசையில வச்சுட்டேன். மறுநா வெள்ளன, பழக்கதோசம், மூடியத் திருப்பிப் பேரக் கூப்புட்டேன்."

மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்புட்டப்பறம்தான் எனக்கு நெனவு வந்துச்சு. மெஸ்ஸு பூரா கப்சிப். ஒருத்தன் வாய் தெறக்கல. அப்ப கடைசியில இருந்து ஒரு குரல், 'இருக்கேன்'னுச்சு."

"யாரு?" என்றான் மகன்.

"புதுசா வந்த ஆளு. முந்துன நாள்தான் வந்து எறங்குனான். அண்ணன் கட்டில அவனுக்குக் குடுத்திருந்தாக. கையில பாத்திரம் கெடையாது. பசி. அந்தப் பேருக்கு ஆளு வரலைன்னதும் குரல் குடுத்துட்டான். அண்ணன் கதை அவனுக்குத் தெரியாது. நான் என்ன செய்ய? போட்டேன். மறுநாளும் கூப்புட்டேன். அவன் வந்தான். அவனுக்கு அந்தப் பேரே நின்னு போச்சு. அவன் விசாவக் கேன்சல் பண்ணி ஊருக்குப் போனான், அந்தக் கட்டிலுக்கு அடுத்தவன் வந்தான், அவனுக்கும் அந்தக் கேரியரு, அந்தப் பேரு. கேம்பு மூடுற வரைக்கும் அந்தப் பேரு சாப்புட்டுச்சு மதினி. நிறுத்த எனக்கு மனசு வரல. ஊருக்கு எடுத்துட்டு வந்திருக்கலாம், வந்தா அந்தப் பேரு நின்னுபோகும். கேம்பு மூடுனப்ப எல்லாத்தையும் அள்ளிப் பழைய சாமான் கடைக்குப் போட்டுட்டாக. நான் அப்ப லீவுல இருந்தேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் வெட்டிக் கொடுத்த பெயருக்கு எவனோ குரல் கொடுத்தானா என்று. என் கேரியரில் கை வைத்தானா என்று. திரும்பி வரும்போது பெரிய ரோட்டில் விளக்குகள் பின்னால் பின்னால் போயின. அங்கே ஒரு மெஸ்ஸில், பொழுது விடியாத நேரத்தில், கடைசியிலிருந்து வந்த அந்தக் குரலை நினைத்துக்கொண்டே வந்தேன். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்? அவர் குரல் மாதிரி இருந்திருக்குமோ? பசித்தவன் குரல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் தட்டோடு வந்து நிற்கிற பிள்ளைகளின் குரல் எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான்: "என்னம்மா செய்யலாம்?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் கொண்டாந்துக்கிறேன்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கீழே போனேன். ஓட்டலைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் ஒரு பெண், யாழ்ப்பாணத்துக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அண்டைக்கு மூடியத் தூக்கினது நீங்கள்தானே அம்மா? வாங்கோ, இருங்கோ."

"நான் சாப்புட வரல. எனக்கு அந்தக் கேரியரு வேணும். எங்க வீட்டுக்காரரோடது" என்றேன். கதையையும் சொன்னேன், நீட்டாமல்.

அவள் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கேரியரை எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்தாள். அடுக்கெல்லாம் தேய்ந்திருந்தது. ஒரு பக்கத்துக் கொக்கியை யாரோ கம்பி வைத்து முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவரோ, அவருக்குப் பின்னால் வந்தவரோ. நான் அதைத் தடவினேன்.

"உங்களுக்குத் தரவேணுமெண்டு எனக்கு ஆசைதான் அம்மா. முதலாளியிட்டக் கேக்கோணும்" என்று போனை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது முகம் சரியில்லை. "இதுகள் ஓட்டலின்ர சாமானாம். எண்ணி வச்சிருக்கினம். சும்மா குடுக்க ஏலாதாம்."

"சும்மா யாரு கேட்டா? புதுசா, பெருசா ஒண்ணு வாங்கித் தர்றேன். பழசுக்குப் புதுசு. எங்க ஊர்ல கடைக்காரனே அப்படித்தான் மாத்துவான்."

அவள் சிரித்துவிட்டாள். "அதையும் கேட்டனான் அம்மா. புதுசு வேண்டாமாம். பழசெண்டால்தான் வேணுமாம். புதுசு வச்சா இந்த இடத்துக்குப் பொருந்தாதாம். பழசுக்குப் பழசு எண்டால் ஓமாம்."

உலகம் எந்த அளவுக்குத் தலைகீழாகிவிட்டது பாருங்கள் என்று நினைத்தேன். மேலே போனேன். என்னிடம் பழசு ஒன்று இருந்தது. சத்துணவுக் கூடத்துக்குப் போன காலம் முழுக்க எனக்குக் கஞ்சி கொண்டுபோன தூக்குவாளி. இங்கே வரும்போது ஊறுகாய் போட்டு எடுத்து வந்தேன். அடி நசுங்கி, பளபளப்புப் போய், முதலாளி கேட்கிற மாதிரியே இருந்தது. அதன் வெளிப்பக்கத்தில் என் பெயர் வெட்டியிருக்கிறது. அது சரியான பெயர், சரியான இனிசியல். மருமகள் பார்த்துக்கொண்டு நின்றாள். "அத்தை, அது உங்களோடதாச்சே" என்றாள்.

"அதனாலதான் குடுக்க முடியுது" என்றேன்.

கழுவித் துடைத்துக் கீழே கொண்டுபோனேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கினாள். என் பெயரை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். "வடிவான பேர்" என்றாள். பாட்டில் மேசைக்குப் பின்னால், தம்ளர் அடுக்கியிருந்த பலகையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். பிறகு கேரியரை எடுத்து என் கையில் கொடுக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

"வெறுஞ்சட்டியாக் குடுக்கக்கூடாது அம்மா. என்ர அம்மா அடிப்பா. இருங்கோ, சோறு போட்டுக்கொண்டு வாறன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் அம்மாவும்தான் சொல்வாள்.

சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் சாமானை எடுத்து வைக்கிற ஒரு சன்னல் உண்டு. பார்சல் தயாரானால் அங்கே நின்று பெயர் கூப்பிடுவார்கள். நான் கூடத்தில் அந்த இரும்புக் கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருத்தரும் இல்லை. பாட்டை நிறுத்தியிருந்தார்கள். மேல்கட்டிலில் அந்தத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கரண்டி உரசும் சத்தம். ஓர் அடுக்கு, இன்னோர் அடுக்கு. மூடி. டக். டக்.

அந்தப் பெண் சன்னலுக்கு வந்தாள். பழக்கத்தில்தான் செய்தாள் என்று நினைக்கிறேன். நான்தான் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூடியில் பார்த்து வைத்திருந்த அந்தப் பெயரை, இனிசியலோடு, சத்தமாகக் கூப்பிட்டாள்.

கூடம் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் கட்டில்களில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை. யாரும் குரல் கொடுக்காவிட்டால் சோறு கிடையாது, வெறுஞ்சட்டிதான் என்று ராவுத்தர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"இருக்கேன்" என்றேன்.

கேரியர் சூடாக இருந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வெளியே பச்சை மீன் கடையும் முட்டைக் கடையும் வெயிலில் சும்மா கிடந்தன. லிப்டுக்குப் பக்கத்தில் மகன் நின்றிருந்தான். ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான் போல. என் கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டான். தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கும்மா" என்றான்.

"ஆளு இருக்குல்ல" என்றேன்.

வீட்டில் அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சாப்பிட்டோம். மகன் மூடியை மல்லாக்க வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக விரலால் தடவியபடி சாப்பிட்டான். அதற்குப் பிறகு லிப்டிலும் சன்னலிலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. கேரியரைத் திறந்தால் மட்டும் கேட்கிறது.

ஆனால் சாயங்காலம் நடக்கப் போகும்போது அந்த ஓட்டலுக்கு வெளியே கொஞ்சம் நிற்கிறேன். கண்ணாடிக்கு உள்ளே, பாட்டில்களுக்குப் பக்கத்தில் என் தூக்குவாளி தெரியும். ஒரு நாள் அது பலகையில் இல்லை. ஏதோ ஒரு மேசைக்குப் போயிருந்தது. அந்த மேசையில் இருந்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்தைக் காட்டி ஏதோ பேசிச் சிரித்தார்கள். கண்ணாடி வழியாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் பெயரைப் படித்தார்களோ என்னவோ. நான் இருக்கிறவரை நான் இருக்கிறேன். அதற்கப்புறம் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எவளோ ஒருத்தி, பசித்தவளாக, குரல் கொடுக்கட்டும். எனக்குக் கோபம் வராது.